பழுதானது ஒரு விசைதான்

இஞ்சாருங்கோ,

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். இன்றாவது சாப்பிடுங்கள். நேற்று தேநீர் சிந்திய என் கணினி விசைப்பலகையை நீங்கள் முற்றத்தில் பனங்கிழங்கு ஒடியலோடு சேர்த்துக் காயப்போட்டிருந்ததைக் கண்டதும் கத்திவிட்டேன். "ஐயோ, இனி உது சரிவராதோ?" என்று நீங்கள் கேட்டபோதும் பலகையைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சரிவந்துவிட்டது! பழைய பலகையில் எல்லா விசைக்கும் அடியில் ஒரே றப்பர்த் தாள். நனைந்தால் முழுதும் போய்விடும். நீங்கள் வாங்கித் தந்ததில் ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிச், தனிச் சுருள்வில். ஒன்றுதான் சீனியில் ஒட்டியிருந்தது. நான் ஒருநாளும் தொடாத விசையின் சுவிச்சைக் கழற்றி அங்கே பொருத்தினேன். அச்சுவேலிக் காணி உறுதிப் பத்திரத்தை அடித்து முடித்துவிட்டேன், கேட்டவர்களிடம் கொடுக்கப் போகிறேன்.

வில் பாதி அமுங்கியதுமே எழுத்து விழுகிறது. அடிவரை குத்தத் தேவையில்லை. விரல் நோவும் இல்லை.

கதவுத் திறப்பு பூச்சாடிக்குக் கீழே.

சீலா

விரல் நோவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கோப்பையை நான் இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்தே இந்தப் பலகையை வாங்கி வந்தீர்கள்.

நேற்றைய தேநீரும் எனக்காகக் கொண்டுவந்ததுதானே? வந்து நான் ஊற்றித் தருகிறேன்.