பாலத்திலிருந்து விழுந்ததாக

1933 ஆகஸ்ட் 7, திங்கள்

விடியற்காலையிலிருந்து விடாத மழை. மருந்துக்கூடத்துக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். ஒன்றுக்கு வாளி, இன்னொன்றுக்கு மங்குக் கிண்ணம். என் மனைவி ஞானம் வளர்க்கும் கோழி மழைக்கு ஒதுங்கி மருந்து அலமாரிக்கு அடியில். விரட்டினேன், போகவில்லை.

மலேரியாவுக்குக் கொய்னா எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. ஒருவன் துப்பினான். மறுபடி கொடுத்தேன். என்னைத் திட்டிக்கொண்டே விழுங்கினான்.

பதினொரு மணிக்குக் கிள்ளானிலிருந்து போலீஸ்காரர். மேரு ரோட்டிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாராம், அவ்வளவு சேறு. எனக்கு ஒரு சம்மன். அடுத்த வியாழன் காலை கிள்ளான் கோர்ட்டில் எஸ்டேட் டிரசர், அதாவது இங்கே மருந்து கொடுத்துக் காயம் கட்டும் நான், ஆஜராக வேண்டும், நோயாளிகள் பதிவேட்டையும் கொண்டு வர வேண்டும்.

வழக்கு: சடையனின் மனைவி பேச்சியை, மணமான பெண் என்று தெரிந்திருந்தும், பெரிய கங்காணி ஆசைகாட்டிக் கொண்டுபோனதாக. புகார் கொடுத்தவன் சடையன். சம்மனில் பேச்சியின் பெயர் "மேற்படியான் மனைவி" என்பதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில்.

பதிவேட்டைத் திறக்கவில்லை. திறக்காமலே தெரியும். ஜூலை 11, மூன்றாவது வரி. டாக்டர் துரை வெள்ளிக்கிழமைதோறும் மெச்சுகிற என் அழகான கையெழுத்தில்.

ஞானத்திடம் சம்மனைக் காட்டினேன். "பேச்சி விஷயமா?" என்றாள். "ஆமா." சாப்பாட்டில் உப்பு இல்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மழை விட்டது. வெக்கை. டாக்டரிடம் கேட்க வேண்டியவை: அயோடின், பஞ்சு, கத்திரிக்கோல் (பழையது துணியைக் கடிக்கிறது).

ஜூலை 11 அன்று நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன், மறப்பதற்கு முன். மறந்துவிடுகிற மாதிரி!

பேச்சி தனியாகத்தான் வந்தாள். ரப்பர் பால் அளந்து முடிந்த நேரம். சடையன் கால்வாய் வெட்டும் கூட்டத்தோடு வெளியே போயிருந்தான், மறுநாள்தான் திரும்புவான். அவள் பெஞ்சில் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றாள். இரண்டு மணிக்கட்டிலும் விரல் தடம் நீலமாக. கழுத்தில் நகக்கீறல். முதுகில் தோல் உரிந்திருந்தது. நான் கேட்டேன், சொன்னாள். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டு எடுத்து வைக்கச் சொல்லிக் கூட்டிப்போய்ப் பெரிய கங்காணி கதவைச் சாத்தினான். சுற்றி வளைக்காமல் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அழவில்லை. ஞானம்தான் உள்ளே கூட்டிப்போய் வெந்நீரில் கழுவிவிட்டாள்.

பதிவேட்டில் "காரணம்" என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன்: "இத அப்படியே எழுதுனா போலீசு வரும், கோர்ட்டுக்குப் போகணும். சடையன் ஒன்ன வெளிய தள்ளிருவான். எஸ்டேட் தொரை ஒன் பேர வேலையிலேர்ந்து வெட்டிருவாரு. பாலத்துல வழுக்கி விழுந்துட்டதா எழுதிக்கிறேன். ஒன் நல்லதுக்குத்தான்."

தலையாட்டினாள். எழுதினேன்.

ஆகஸ்ட் 9, புதன்

நேற்றைய கடைசி வரியில் "தலையாட்டினாள்" என்றது பொய். யாரும் படிக்காத நோட்டிலும் பொய்!

ஞா.விடம் கேட்டேன், "அவ தலையாட்டுனாள்ல?" ஞா.: "எங்க ஆட்டுச்சு? நீங்க பாட்டுக்குப் பேசுனீங்க, அது தரையப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. நீங்களா எழுதுனீங்க."

ஆமாம். நானாகத்தான் எழுதினேன். கங்காணி சொல்லிக்கொடுத்தான் என்று சொல்லவும் வழியில்லை, அவன் அந்தப் பக்கமே வரவில்லை. பாலம் என் சொந்தச் சரக்கு. ஆற்றுக்கால்வாய் மேல் கிடக்கும் அந்த நாலு பலகையில் மழைக்காலத்தில் யாராவது வழுக்குவது வழக்கம். பொருத்தமாகத் தோன்றியது. எழுதி முடித்தபோது ஒரு பெண்ணின் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

காரியம் வெளியே வந்தது கங்காணியின் வாயால்தான். மூன்று வாரம் கழித்துக் கள்ளுக்கடையில் பீற்றிக்கொண்டான். சடையன் காதுக்குப் போயிற்று. அவன் நேரே கிள்ளான் போலீசுக்குப் போய், என் பொண்டாட்டியை மயக்கிவிட்டான் என்று எழுதிக்கொடுத்தான். போலீஸ் கேட்டபோது பேச்சி, "நான் மயங்கிப் போகல, கைய முறுக்கிக் கதவச் சாத்துனான்" என்று சொல்லியிருக்கிறாள். காயம் இருந்ததா என்ற கேள்வி. டிரசர் புத்தகத்தில் இருக்கும் என்று சொன்னது அவளேதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

முதல் ரயிலில் கோலாலம்பூர். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பூசை. பாவசங்கீர்த்தனம்.

சொன்னவை: இரண்டு ஞாயிறு பூசை தவறியது. உதவியாளைக் கெட்ட வார்த்தையில் ஏசியது. கள்.
சொல்லாதது: ஒன்று.

சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மலிவாக முடிந்தது.

பிறகு ரயில்வே குவாட்டர்ஸில் அண்ணன் வீடு. அண்ணன் ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி, கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு சீட்டாடுகிறவர், அதனால் சட்டம் பேசுவார். நண்டுக் குழம்பு. அண்ணி பிள்ளைகளை வெளியே விரட்டிய பிறகு கேட்டேன்.

"அடுத்தவன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனா குத்தம்டா. யாருக்குச் செஞ்ச குத்தம்? புருஷனுக்கு. புருஷன்தான் பிராது குடுக்கணும். அவ வெறும் சாட்சி."

"அவள பலவந்தம் பண்ணது?"

"அது வேற சட்டம். அதுக்கு அவதான் நிரூபிக்கணும். கூச்சல் போட்டியா, காயம் எங்க, ஒடனே யார்கிட்ட சொன்ன, நீ ஒழுங்கான பொம்பளையான்னு நூறு கேள்வி கேப்பான். நிரூபிக்க முடியலன்னு வையி, அவளா போனான்னு ஆயிடும். அப்புறம் அவ கத அவ்வளவுதான்."

"ஒடனே என்கிட்ட சொன்னாண்ணே."

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினார். "புத்தகத்துல என்ன இருக்கு?"

சொன்னேன்.

"அப்ப புத்தகத்துல உள்ளதப் படி. மேல ஒரு வார்த்த பேசாத. பொய் எழுதுனேன்னு நீயே ஒத்துக்கிட்டா மொதல்ல ஒன்னத்தான் புடிப்பான். ரப்பர் வெல கெடக்கற கெடையில ஒன் வேலைக்குப் பத்துப் பேரு நிக்கிறான்லா."

நண்டு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன். அதையும் எழுதிவைக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா திருநாள். எனக்கு லீவு இல்லை. இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருவனுக்குத் தேள்.

ஞா. மாலையில் ஜெபம் முடித்து எழுந்தவள்: "கோர்ட்டுக்கு நானும் வரேன். கழுவிவிட்டது நான்தானே. பாத்ததச் சொல்றேன்."

"கூண்டுல ஏறி நிக்கப் போறியா? குடும்பப் பொம்பள?"

"பேச்சி நிக்கப் போகுதே."

"நீயும் அவளும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டே விட்டேன். ஞா. கையிலிருந்த ஜெபமாலையை மடித்து டப்பாவில் வைத்து மூடினாள். அவள் வந்து உண்மையைச் சொன்னால் நான் எழுதியது பொய் என்று ஆகிவிடும். அதற்குத்தான் பயந்தேன், குடும்ப மானமெல்லாம் வாய்க்கு வந்த சாக்கு.

ஆகஸ்ட் 17, வியாழன்

கிள்ளான் கோர்ட்டு. எடுத்துப்போனவை: பதிவேடு (எண்ணெய்த்துணியில் சுற்றி), குடை, ஞா. கொடுத்த சோறு. சோறு திரும்பி வந்தது.

பேச்சி மஞ்சள் சேலை, யாரிடமோ இரவல். கங்காணிக்கு வெள்ளைக் கோட்டு, வக்கீல். சடையன் ஒரு மூலையில், அவளைப் பார்க்கவே இல்லை.

வக்கீல் அவளைக் கேட்டது: கூச்சல் போட்டாயா? யாருக்காவது கேட்டதா? ("உருட்டுற மெசினு ஓடிக்கிட்டு இருந்துச்சு, யாருக்குக் கேக்கும்?") கல்யாணத்துக்கு முன் வேறு ஒருவனோடு பேச்சு இருந்ததா? மூன்று வாரம் ஏன் புருஷனிடம் சொல்லவில்லை? கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள்.

மாஜிஸ்திரேட்: அன்றைக்கு யாரிடமாவது சொன்னாயா?

பேச்சி என் பக்கம் திரும்பினாள். "டிரசரய்யாகிட்ட சொன்னேன். எல்லாம் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வேதப்புத்தகத்தின் மேல் கை. ஜூலை 11, மூன்றாவது வரியை, இங்கிலீஷில் எழுதியபடியே, படிக்கச் சொன்னார்கள். படித்தேன். மணிக்கட்டில் கன்றல், முதுகில் சிராய்ப்பு, கழுத்தில் கீறல். காரணம், பாலத்திலிருந்து விழுந்தது.

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். பேச்சி என்னைப் பார்த்தபடி நின்றாள். கோபமாகக்கூட இல்லை. ஏதோ ஒரு பக்கம் தவறிப்போயிருக்கும், இன்னொரு பக்கத்தைப் புரட்டுவேன் என்று காத்திருப்பவள் போல நின்றாள்.

வக்கீல்: அந்தப் பெண்ணே அப்படிச் சொன்னாளா?

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். வந்தது, "யெஸ் சார்."

தீர்ப்பு: பலவந்தம் நிரூபணமாகவில்லை. மணமான பெண்ணைக் கொண்டுபோனது குற்றம், அபராதம். கங்காணி அங்கேயே கட்டினான். பேச்சியிடம் மாஜிஸ்திரேட், தன் நடத்தையை மறைக்க ஒருவன்மேல் பெரிய பழி சுமத்துவது எவ்வளவு கெட்டது என்று நிதானமாக எடுத்துச்சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னார். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் கோர்ட்டு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 19, சனி

எஸ்டேட் துரை கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்துப் போனேன். கோர்ட்டில் பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததாம், எஸ்டேட்டுக்கு அவப்பெயராம். புதுப் பலகை போட்டு இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்க உத்தரவு. சீனத் தச்சர் இருவர் இன்றே வந்துவிட்டார்கள். இப்படிப்பட்டதையெல்லாம் ஒழுங்காகக் குறித்துவைப்பதற்காக எனக்குப் பாராட்டு வேறு.

கங்காணி காலைப் பெரட்டில் பேர் கூப்பிட எப்போதும்போல. எனக்கு வணக்கம் சொன்னான். நானும் சொன்னேன்.

பேச்சியின் பேரை வெட்டியாயிற்று. சடையனின் பேர் இருக்கிறது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பேச்சி வந்தாள். நாகப்பட்டினக் கப்பலுக்கு உடல்நலச் சீட்டு வேண்டும், நான்தான் எழுதித் தர வேண்டும். சடையன் சேர்த்துக்கொள்ளவில்லை. மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு கிழவியின் லயத்து அறையில் இத்தனை நாள். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "ஒரு மாமன் இருந்தாரு. இருக்காரான்னு தெரியல."

அம்மைத்தழும்பு பார்த்தேன், நாடி பார்த்தேன். மணிக்கட்டில் நீலம் மறைந்துவிட்டது. "நலம், பிரயாணத்துக்குத் தகுதி" என்று எழுதினேன்.

சீட்டை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அய்யா, அந்தப் புத்தகத்துல இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"ஆமா."

"அடிச்சிட்டு வேற எழுத முடியாதா? நான் போனப்புறமாவது?"

கோர்ட்டு முத்திரை விழுந்துவிட்டது, இனிக் கை வைக்கக் கூடாது என்றேன். சட்டம் சொல்ல மட்டும் நாக்கு நன்றாகப் புரளுகிறது.

"சரிங்கய்யா" என்றாள். போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். வாசல்வரை போய், கோழியை விரட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். ஞா. மட்டும் பாலம்வரை கூடப் போனாள், தன் நீலச் சேலையைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

டாக்டர் துரை வருகை. பதிவேட்டில் சிவப்பு மையில் சரி. அயோடின் வந்தது. கத்திரிக்கோல் வரவில்லை.

பாலம் முடிந்தது. தார் வாசனை. கைப்பிடி என் மார்பு உயரம். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. யானை சாய்ந்தாலும் விழாது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

நல்ல வெயில். கொய்னா முடிந்து கை கழுவும்போது அஞ்சலை வந்தாள். கீழ் லயம், இருபது வயது, கல்யாணமாகி ஆறு மாதம். புருஷன் கேரித் தீவுக்கு மரம் ஏற்றப் போயிருக்கிறான். முகம் வெளுத்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி:

"பாலத்துல விழுந்துட்டேங்கய்யா."

இரண்டு மணிக்கட்டிலும் நீலம்.

"எந்தப் பாலம்?"

"நம்ம பாலந்தான்."

"அதுக்குத்தான் கைப்பிடி போட்டாச்சே, அஞ்சல."

ஞா. வெந்நீரோடு வந்து நின்றாள், இரண்டு கையையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்தத் தடவ உள்ளத எழுதுங்க. கோர்ட்டுக்கு நானும் வரேன்."

அஞ்சலை சட்டென்று என் காலைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா! வேணாங்கய்யா! பேச்சியக்காவுக்கு எழுதுன மாதிரியே எழுதுங்க. என்னையும் கப்பல் ஏத்திராதீங்க."

இப்போது அவள் உள்ளே, ஞா. கழுவிவிடுகிறாள். பதிவேடு திறந்தபடி. பேர், வயது, லயம், காயம் எழுதியாயிற்று. "காரணம்" கட்டம் காலி. அதை எழுதாமல் இருக்கத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிட்டது. வருகிறார்கள்.