மஞ்சள் வெல்லம், இரண்டாவது பானை

ஜன. 12, திங்கள்

குளிர். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வாயைத் திறந்தால் புகை. டிபார்ட்மெண்டுக்கு 8.40. ஆராய்ச்சிக்கு வளர்க்கும் ஈக்களுக்குச் சமையல்: ரவை, வெல்லம், கெட்டிப்பட அகர், ஈஸ்ட். கடைசியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அந்த ஆசிட், மூக்கைப் பிடுங்கும். ஒரு பானை, இருநூறு குப்பி. பஞ்சு அடைத்து முடிக்க மணி ஒன்று.

இந்த டைரி கெமிக்கல் கம்பெனிக்காரர் ஹெட் சாருக்குக் கொடுத்தது. அவரிடம் ஏற்கெனவே ஆறு இருக்கிறதாம். "செல்வி, நீங்க வெச்சுக்குங்க" என்றார். பதினோரு வருஷமாக இந்த மரபியல் துறையில் ஈக்கு ஆக்கிப் போடுகிறேன், இதுதான் முதல் பரிசு. வீட்டில் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. வீட்டுக்காரர் பாபுவுக்கு பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வந்தால் தூக்கம், எழுந்தால் பஸ். ஆகவே மனதில் பட்டதை எழுதலாம்.

நந்தினி மேடத்திடம் இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆராய்ச்சி மாணவி, ஐந்தாம் வருஷம், ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேச, படிக்கத் தெரியும். சமையல் ரிஜிஸ்டரில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதி ஒயிட்னர் பூசியிருந்தேன்.

"அக்கா, ஒயிட்னர் பேடா, வேணாம். தப்பா எழுதினா ஒரே கோடு. அடியில என்ன இருந்துச்சுன்னு படிக்கத் தெரியணும். பக்கத்துல சைன், டேட்."

"தப்புதானே மேடம், அதை எதுக்கு இன்னொருத்தர் படிக்கணும்?"

"தப்பையும் படிக்கணும். லேப்ல அதுதான் ரூல்."

இஞ்சி தின்ன குரங்கு மாதிரி எப்போதும் ஒரு முகம். சிரித்தால் வரி போடுவார்களா?

ஜன. 14, புதன்

போகி. தெரு முழுக்க டயர் புகை.

வாங்க: பச்சரிசி, பா. பருப்பு, முந்திரி, கரும்பு 2, மஞ்சள் கொத்து. ஏலக்காய் இருக்கிறது. வெல்லம்?

வெல்லம்தான் தகராறு. நாளை நாத்தனார் கேஜிஎஃப்பிலிருந்து வருகிறாள். போன வருஷம் என் சர்க்கரைப் பொங்கலைப் பார்த்து, "இன்னா அண்ணி, பொங்கலுக்குக் காமாலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் கேட்டாள். இந்தப் பக்கம் கடைகளில் எல்லாம் அந்த மஞ்சள் வெல்லம்தான். லேபில் இருப்பது கறுப்பு. மண்டியா பக்கத்து ஆலையிலிருந்து துறைக்கென்றே வருவது, வெளுக்க மருந்து போடாதது. மனுஷனுக்குக் கிடைக்காத வெல்லம் ஈக்குக் கிடைக்கிறது.

டின்னிலிருந்து நாலு அச்சு எடுத்து டிபன் பையில் போட்டேன். திருட்டு இல்லை. அதே எடைக்குக் கடையில் வாங்கி வைத்துவிடுவேன்.

ஜன. 15, வியாழன்

பொங்கல் அப்படியே காபி டிகாஷன் நிறம். நாத்தனார் இரண்டு தரம் போட்டுக்கொண்டாள். "இந்த வருஷம் கை வந்துருச்சு அண்ணி. எந்தக் கடை?"

"அல்சூர்ல ஒரு கடை."

ஈ சாப்பிடுகிற வெல்லம் என்று சொல்லியிருந்தால் தட்டை வீசியிருப்பாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாபு, "தனியா என்னாத்துக்கு சிரிக்கிற?" என்றார். பண்டிகை நல்லபடியாக முடிந்தது.

ஜன. 19, திங்கள்

நந்தினி மேடத்துக்கு இன்று இரண்டு பானை. முதல் பானை A தட்டுக்கு, இரண்டாவது B தட்டுக்கு, எப்போதும் அப்படித்தான். A என்றால் சாதாரண ஈ. B என்றால் பட்டினி தாங்கும் ஈ. நாலு வருஷமாக ஒவ்வொரு தலைமுறையையும் பட்டினி போட்டு, சாகாமல் மிஞ்சியதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த விட்டு, அதன் பிள்ளைகளை மறுபடி பட்டினி போட்டு வளர்த்த வம்சம். பாவம்தான். ஆனால் முரட்டு ஈக்கள்.

கறுப்பு வெல்லம் முதல் பானையோடு தீர்ந்தது. இரண்டாவது பானைக்கு நான் வாங்கி வைத்த மஞ்சள் வெல்லம். எடை சரியாகப் போட்டேன். ரிஜிஸ்டரில் "வெல்லம்" என்று மட்டும்தானே கட்டம் இருக்கிறது. வெல்லம் வெல்லம்தான். யாருக்குத் தெரியப்போகுது.

தண்ணி கேன் சொல்ல மறந்தேன்.

ஜன. 20, செவ்வாய்

மேடம் இரண்டு தட்டிலும் முட்டையிட விட்டார். புது டின் கறுப்பு வெல்லமும் வந்து இறங்கியது. ஒரு நாள் முன்னால் வரக்கூடாதா.

ஜன. 31, சனி

அதிசயம். நந்தினி மேடம் சிரித்தார். பல் வரிசை அழகு.

A ஈக்கள் நேற்றுக் காலை கூட்டை உடைத்து வெளியே வந்துவிட்டன. B ஈக்கள் இன்றுதான். முழுசாக ஒரு நாள் தாமதம். பட்டினியில் வளர்ந்த வம்சம் அவசரப்படாமல், உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மெதுவாக வருகிறதாம். இதைத்தான் இரண்டு வருஷமாகத் தேடினாராம். மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஈதரில் மயங்கிக் கிடக்கின்றன, கண் மாதுளை முத்து மாதிரி. பிரஷ்ஷால் புரட்டினால் B கொஞ்சம் குண்டு.

"எப்படி மேடம் அதுக்குத் தெரியும், மெதுவா வரணும்னு?"

"அதுக்குத் தெரியாது அக்கா. அதோட ஜீன்ல இருக்கு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். பாபு ஒரு நிமிஷம்கூடப் பசி தாங்க மாட்டார். அவர் ஜீனில் என்ன இருக்கிறதோ.

பிப். 2, திங்கள்

குப்பி கழுவும் நாள். A தட்டுக் குப்பிகளின் அடியில் ஒட்டியிருந்தது காபி நிறம். B தட்டில் மஞ்சள். சோப்புத் தண்ணீரில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன்.

A-க்குக் கறுப்பு வெல்லம், B-க்கு மஞ்சள். என் கையால்.

தாமதம் வம்சத்தாலா, வெல்லத்தாலா?

பயம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், பயத்தைவிட முதலில் வந்தது ஆசை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை. தூக்கிப் போட வைத்திருந்த பழைய சாதாரண ஈ இரண்டு பாட்டில் இருந்தது. "மேடம், இதை நான் எடுத்துக்கவா?" என்றேன். வீட்டில் வளர்க்கவா என்று கேட்டுச் சிரித்தார். இப்போது அடிக்கடி சிரிக்கிறார், அதுதான் கஷ்டம்.

டப்பாவில் மிச்சம் மஞ்சள் வெல்லம் இருக்கிறது. கறுப்பில் பத்து குப்பி, மஞ்சளில் பத்து குப்பி ஆக்கினேன். ஈ ஒன்றேதான், வெல்லம்தான் வேறு. அதே இன்குபேட்டர், கீழ்த்தட்டின் பின்பக்கம். நாளை முட்டை.

பிப். 6, வெள்ளி

18-ஆம் தேதி துறையைப் பார்வையிடக் குழு வருகிறது. வராந்தாச் சுவர் முழுக்கச் சாதனைகள் ஒட்ட வேண்டுமாம். டேப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். நெல்லில் ஒருவர், தலசீமியா ரத்த நோயில் ஒருவர், பட்டுப்பூச்சியில் இருவர். நடுவில் நந்தினி மேடம் போஸ்டர், ஆளுயரம்.

அடியில் நன்றி என்று போட்டு மூன்றாவது பெயர்: செல்வி பி., மீடியா ரூம்.

என் பெயர் அச்சில் வந்தது ரேஷன் கார்டுக்கு அப்புறம் இதுதான். ஹெட் சார் எல்லார் முன்னாலும், "செல்வி சமையல்ல வந்த ரிசல்ட் இது" என்றார். கை தட்டினார்கள். டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே. எனக்கு வயிறு, காது, உள்ளங்கால் எல்லாம் குறுகுறுத்தது.

பிப். 10, செவ்வாய்

என் குப்பிகளில் புழு ஏறிச் சுவரில் ஒட்டத் தொடங்கியிருக்கிறது. கறுப்பில் நிறைய. மஞ்சளில் எண்ணினால் நாலே நாலு. இன்னும் முடிவு சொல்ல முடியாது. நாளுக்கு மூன்று தரம் போய்ப் பார்க்கிறேன். அடுப்பில் பால் வைத்தவள்கூட இத்தனை தரம் எட்டிப் பார்க்க மாட்டாள்.

சொன்னால் என்ன ஆகும், யோசித்தது:
1. மார்ச்சில் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள்.
2. மேடம் ஏப்ரலில் தீசிஸ் கொடுக்க முடியாது.
3. பேர் போகும். இரண்டு பேருக்கும்.

சொல்லாவிட்டால்: ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது.

பாபுவிடம் சொன்னேன். "ஈ ஒரு நாள் லேட்டா வந்தா யாரு குடி முழுகப் போவுது? வாயைக் குடுத்து வேலையைக் கெடுத்துக்காத" என்றார். அப்புறம் சாப்பிட்டு முடித்துவிட்டு, அவராகவே, "அந்தப் பொண்ணு எத்தினி வருஷமா செய்யுது?" என்று கேட்டார். அஞ்சு என்றேன். தட்டை எடுத்துப்போய் அவரே கழுவி வைத்தார்.

பிப். 13, வெள்ளி

காலை 9. கறுப்பு: குப்பிகளில் ஈ. எண்ணியது 61. மஞ்சள்: 2.

மாலை 5. கறுப்பு மேலும் 40. மஞ்சள் 5.

ஒரே ஈ. ஒரே நாள் முட்டை. பயம் ஒரு பக்கம், சத்தியமாக இன்னொரு பக்கம் சந்தோஷமும்தான். நானே கேட்டேன், நானே கண்டுபிடித்தேன். இதை யாரிடமாவது சொல்லித் துள்ள வேண்டும்போல் இருந்தது. துள்ளலாம் என்றால் அது நந்தினி மேடம் ஒருத்தரிடம்தான்.

பிப். 14, சனி

இரண்டாம் சனி, லீவு. ஈக்கு ஏது லீவு. மேடமும் நானும் மட்டும்.

மஞ்சளில் இன்றுதான் கூட்டமாக வந்தன. எண்ணினேன், 88. பிறகு இருபது குப்பியையும் தட்டோடு கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன்.

பொங்கல், நாத்தனார், நாலு அச்சு, மஞ்சள் வெல்லம், இரண்டாவது பானை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"ரெண்டுக்கும் அதே ஈயா அக்கா?"

"அதே ஈதான் மேடம். அதே நாள் முட்டை. அதே இன்குபேட்டர்."

"எப்போலருந்து தெரியும்?"

"ரெண்டாந்தேதி குப்பி கழுவறப்போ சந்தேகம் வந்துச்சு. நேத்து நிச்சயமா தெரிஞ்சுது."

"பன்னெண்டு நாள்." விரல் விட்டு எண்ணினார். "போஸ்டர் ஒட்டறப்போ பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன் மேடம்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுதார். சத்தமே இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அவர் முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன உரிமை. போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப். 15, ஞாயிறு

சிவராத்திரி. பின் தெருவில் ஸ்பீக்கர். துணி ஊறப் போட்டு அலச மறந்தேன். பாபு அலசினார்.

ஒரு கேள்வி விடவே மாட்டேன் என்கிறது. நான் வைத்தது சாதாரண ஈ. மஞ்சள் வெல்லத்தில் A தாமதிக்கும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் B? நல்ல வெல்லம் போட்டால் B சரியான நாளில் வருமா, அப்போதும் மெதுவாகத்தான் வருமா? அது பொய் என்றும் ஆகவில்லை, நிஜம் என்றும் ஆகவில்லை.

பிப். 16, திங்கள்

மேடம் எனக்கு முன்பே வந்து மீடியா ரூம் வாசலில். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒரே பானை ஆக்குங்க. கறுப்பு வெல்லம். பாதி A, பாதி B. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

"B நெஜமாவே லேட்டா வருமா மேடம்?"

"தெரியாது." கரண்டியை எடுத்துக்கொண்டே, "பாக்கலாம்" என்றார். அகர் கரையும்வரை அவரே கிண்டினார். எந்த மூட்டை ரவை, டின் நம்பர், வெல்லத்தின் நிறம் எல்லாம் எழுதிக்கொண்டார்.

பிறகு இருவரும் ஹெட் சாரிடம். கேட்டு முடிக்கும்வரை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். குழு வருவதற்குள் போஸ்டரை எடுத்துவிடச் சொன்னார். மேடத்திடம் குரலை உயர்த்தவில்லை. என்னிடம்: "உங்க ரின்யூவல் ஃபைல் மார்ச்ல வரும் செல்வி. வெல்லம் எடுத்ததையும் எழுதுவேன். நீங்களே டெஸ்ட் பண்ணிச் சொன்னதையும் எழுதுவேன்." எது ஜெயிக்குமோ, அவருக்கே தெரியாதுபோல.

"எந்தப் பானைக்கு எந்த வெல்லம்னு எதுல எழுதி வெச்சிருக்கீங்க? ரிஜிஸ்டர்ல இல்லையே."

"நீங்க குடுத்த டைரியில சார்."

"அப்போ அதுதான் ரெக்கார்டு. நாளைக்குக் கொண்டு வாங்க. ஜெராக்ஸ் எடுத்து நந்தினி நோட்டுல ஒட்டணும்."

போஸ்டரை நானும் மேடமும் இறக்கினோம். டேப்போடு சுவர் பெயின்டும் கொஞ்சம் உரிந்தது. நெல்லுக்கும் பட்டுப்பூச்சிக்கும் நடுவில் இப்போது ஆளுயரத்துக்கு வெறும் சுவர். சுருட்டும்போது என் பெயர் கடைசியாக உள்ளே போனது.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஈ எண்ணிக்கை நடுவில் நாத்தனார், பாபு பசி. ஜனவரி பன்னிரண்டில் இஞ்சி தின்ன குரங்கு. நாளை அவரே படிக்கப் போகிறார். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. டிராயரில் ஒயிட்னரும் இருந்தது. எடுக்கவில்லை.

ஜனவரி பத்தொன்பது. "யாருக்குத் தெரியப்போகுது." அந்த இரண்டு வார்த்தைமேல் ஒரே ஒரு கோடு போட்டேன், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் செல்வி என்று கையெழுத்து, இன்றைய தேதி.