ஐயரம்மா

கும்மிடிப்பூண்டி, செப்டம்பர் 1974, ஞாயிறு இரவு

இன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று பேராயர் சபைகளிடம் கருத்துக் கேட்டிருக்கிறார். நான் டீ கொண்டுபோனேன். செயலாளர் தாவீது, இரும்பு ஃபாக்டரி சூப்பர்வைசர், கேட்டார்: "பொம்பள ஐயரா வந்தா அவங்க ஊட்டுக்காரர இன்னான்னு கூப்புடறது? ஐயரப்பான்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சபைக்குப் போதகராக வந்து எல்லோருக்கும் ஐயராகிவிட்ட என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பேச்சு முடிந்தது. வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டார்கள்.

போன மாதம் இவர் காய்ச்சலில் கிடந்தபோது, தாவீதின் அம்மாவுக்குக் கடைசி ஜெபம் செய்தவள் நான்தான். நைட் ஷிப்டிலிருந்து ஓடிவந்த தாவீது, "நீங்க இருந்தீங்களே ஐயரம்மா, அது போதும்" என்று அழுதார்.

ஏன் சிரித்தீர்கள் என்று வீட்டில் இவரைக் கேட்டேன். "தமாசுக்குச் சொன்னாரு, உடும்மா" என்று படுத்துவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னும் வராத ஒரு பெண் ஐயரின் புருஷனை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்கு எத்தனை கவலை! இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஐயர் பெண்சாதிக்கு எஸ்தர் என்று ஒரு பெயர் உண்டு. அதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.