குறைப்பு வரிசை

நாள் 61 · 09:10 · கேபின் 24°

நிலவின் பின்புற வானொலித் தொலைநோக்கி நிலையம். பணியாளர் எண் 07, மாதங்கி. தனிப்பணி.

காற்றழுத்தம் சரி. மின்கலம் முழு அளவில். சூரியன் உச்சிக்கு வர இன்னும் இரண்டு நாள். நேற்றுச் சரக்கு வண்டி வழக்கத்தைவிட அருகில் இறங்கியது. அது கிளப்பிய தூசி, வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளின் மேல் படிந்திருக்கிறது. தகடுகளின் திறன் 81 விழுக்காடு. கவலைப்படும் அளவில்லை.

எனக்குப் பின் வருகிறவருக்காக: இங்கே குளிர்விக்கும் சுற்று ஒன்றே ஒன்று. அதில் இரண்டு பங்கு. அடியறையிலுள்ள கணினி அடுக்குக்கு ஒன்று. தொலைநோக்கி கேட்பதையெல்லாம் அதுதான் சலிக்கிறது. என் கேபினுக்கு மற்றொன்று. தகடுகளால் தாங்க முடியாமல் போனால் யாருடைய பங்கைக் குறைப்பது என்பதைக் கெர்னலிலுள்ள, அதாவது நிலையத்தின் அடிப்படை மென்பொருளிலுள்ள, ‘வெப்ப டிரைவர்’ என்ற நிரல் முடிவு செய்யும். அதனிடம் ஒரு பட்டியல் உண்டு: குறைப்பு வரிசை. மேலே இருப்பது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். கணினி மேலே, கேபின் கடைசியில். கணினியின் வேகத்தை ஒரு படி இறக்கினால் மின்செலவும் குறையும், சூடும் குறையும். மனிதர் வியர்க்க வேண்டியதில்லை.

நாள் 62 · 14:40 · கேபின் 29°

சூடு ஏறுகிறது. கணினி முழு வேகத்தில் ஓடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. வெப்பமானி பொய் சொல்கிறதோ என்று பார்த்தேன். மூன்று வெப்பமானிகளும் ஒன்றையே சொல்கின்றன.

ஜெசிந்தாவுக்கு எழுதினேன். வெப்ப டிரைவரை எழுதியவள் அவள். பாளையங்கோட்டை விடுதியில் நான்கு வருடம் எனக்கு அடுத்த கட்டில். ரிலே செயற்கைக்கோள் வழியாகப் பதில் வந்தது:

“ஏட்டி, வேர்த்தா வேர்க்கட்டும். ஒங்க வீட்டுல என்ன, சமையல்கட்டுலயுமா ஏசி இருந்துச்சு? ரெண்டு நாளு பொறு. தூசி தானா உதுந்துரும்.”

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. நிலவில் காற்று கிடையாது. தூசி தானாக உதிராது. இது அவளுக்குத் தெரியும்.

நாள் 63 · 06:15 · கேபின் 36°

பட்டியலைத் திறந்து பார்த்தேன். கேபின் முதலில் இருக்கிறது. கணினி கடைசியில்.

கேபினின் குளிர்விப்புக்கு ஒன்பது படிகள். ஏழு இறங்கியாயிற்று. கணினியை இதுவரை யாரும் தொடவில்லை.

மாற்றப் பதிவைத் தேடினேன். எட்டு மாதத்துக்கு முந்தையது. எழுதியவர் ஜெசிந்தா. 1,140 வரிகள். ஏறக்குறைய எல்லாமே வரிகளின் முன்னுள்ள வெற்று இடைவெளியை நேராக்கியவை. நடுவில், 803ஆம் வரியில், இரண்டு பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன.

கெர்னலுக்குள் ஒருவர் மட்டும் எதையும் மாற்ற முடியாது. ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் படித்துவிட்டு ‘படித்தேன்’ என்று குறி போட வேண்டும். இதிலும் குறி இருக்கிறது. என் பெயர். மாற்றம் என்னிடம் வந்து நாற்பது விநாடியில் போட்டிருக்கிறேன்.

அன்று அவள் அனுப்பிய செய்தி இன்னும் இருக்கிறது: “வெறும் இடைவெளி சரி பண்ணதுதாம்ட்டி. கண்ண மூடிட்டுக் குறி போடு. இங்க மீன்கொழம்பு ஆறுது.”

என் பதில்: “நீ எழுதுனத நான் வேற படிக்கணுமாக்கும்.”

இதை நட்பு என்று நினைத்திருந்தேன்.

நாள் 63 · 11:50 · கேபின் 40°

திருத்தம் எழுதினேன். இரண்டு பெயர்களை மீண்டும் இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஜெசிந்தாவின் குறிக்கு அனுப்பி மூன்று மணி நேரம் ஆகிறது. பதில் இல்லை.

கணினியை நிறுத்தினால் காற்றைச் சுத்தம் செய்யும் பொறியும் நின்றுவிடும். சுற்றைக் கையால் திருப்பும் திருகு முன்பு இருந்ததாம். எடை குறைக்க எடுத்துவிட்டார்கள். வெளியே போய்த் தூசியைத் துடைக்கலாமென்றால், தகடுகள் தனியாள் கைக்கு எட்டாத உயரத்தில். விண்வெளி உடைக்குத் தனிக் குளிர்விப்பு உண்டு: நான்கு மணி நேரம் தாங்கும், மறுபடி மின்னேற்ற ஒன்பது மணி நேரம், முழுதாக ஏறும்வரை இயங்காது. முதல் நான்கு மணி நேரம் இப்போது தொடங்குகிறது. கையுறையோடு எழுதுவது கடினம்.

நாள் 63 · 19:30 · கேபின் 43°

நிறுத்தி நிறுத்திப் பயன்படுத்தியும் உடை இப்போது தீர்ந்துவிட்டது. குரல் செய்தி வந்தது.

“மாதங்கி. குறி போட விடமாட்டேங்காவ. கணினி ஒரு நிமிசம் மெதுவாப் போனாலும் இந்த மாசம் கேட்டது மொத்தமும் வீணுங்காவ. மேலிடத்துல வரிசைய மாத்தச் சொன்னாவ, மாத்துனேன். முப்பதுக்கு மேல போவாதுன்னு கணக்குப் போட்டுத்தாம்ட்டி எழுதுனேன். சத்தியமா.”

நான் ஒன்றுதான் கேட்டேன். குறி போட நம் குழுவில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். ஏன் எனக்கு அனுப்பினாய்?

இருபத்திரண்டு நிமிடம் கழித்து:

“நீ படிக்க மாட்டன்னு தெரியும்.”

நான் வாசித்த கதைகளில் துரோகம் செய்தவர்களுக்கெல்லாம் பெரிதாக ஏதோ வேண்டியிருந்தது. அரியணை, நிலம், இன்னொருத்தி. இவளுக்கு வேலை போகாமல் இருந்தால் போதும். அதற்கு ஈடாக என்னிடமிருந்து எடுத்தது, அவளைச் சந்தேகிக்கத் தெரியாத அந்த நாற்பது விநாடி.

நாள் 64 · 04:05 · கேபின் 45°

நாக்கு ஒட்டுகிறது. தண்ணீரும் சூடு. உடை மின்னேற்றம் 93. நிற்க முடியவில்லை, தரையில்

திருத்தம் வந்துவிட்டது. எழுதியவர் ஜெசிந்தா. என் குறி கேட்கிறது. ஆறு வரி.

எழுத்து நீந்துகிறது. விரல் வைத்து மூன்று முறை படித்தேன். நான்காம் வரி: ‘பணியாளர் எண் 07 எனில்’. 07 எனில் கேபின் கடைசியில். வேறு எவர் எனில் இப்போதுபோலக் கேபினே முதலில்.

07 நான். பதினொரு நாளில் 08 வருகிறார். அடுத்த உச்சி வெயில் அவருக்கு.

அந்த வரியை எடு என்று எழுதினேன்.

“இதுக்கு மட்டுந்தான் விட்டாவ. மேல கேக்காத. யார்ட்டயாவது வாயத் தெறந்தன்னா இதையும் திரும்ப எடுத்துருவாவ. குறி போடுட்டி. செத்துராத தாயி.”

46°.

எல்லா வரியும் தெரிந்துதான் குறி போடுகிறேன்.

படித்தேன்.

நாள் 64 · 10:30 · கேபின் 27° · தாளில்

நிலையப் பதிவைக் கீழே, பூமியில், வாசிக்கிறார்கள். கடந்த நான்கு நாளின் பக்கங்கள் அதில் இப்போது இல்லை. நல்லவேளை, ஒவ்வொன்றையும் என் கைக்கருவியில் நகல் எடுத்து வைத்திருந்தேன். நான் கொண்டுவந்த ஒரே புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாள்களில் அவற்றை எழுதி முடித்துவிட்டேன். சூட்டில் பசை இளகிவிட்டதால் தாள்கள் சுலபமாகக் கழன்று வந்தன.

08, இது உங்களுக்கு. 803ஆம் வரி. இங்கிருந்து உங்களால் தனியாக மாற்ற முடியாது. உச்சி வெயிலுக்கு முன்பே கீழே சண்டை போடுங்கள். தாள்களைப் படுக்கைப் பலகையின் அடியில் ஒட்டுகிறேன். என் பையைத் திரும்பும்போது திறந்து பார்ப்பார்கள்.

நீங்கள் இறங்கும் வண்டியில்தான் நான் ஏறுவேன். கை குலுக்க நேரமிருக்கும். தலைக்கவச ஒலிவாங்கியில் பேசுவதெல்லாம் முழுநேரமும் கீழே கேட்கும். அப்போது நேரில் சொல்வேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

நாள் 65 · 16:20 · கேபின் 24°

வெயில் குறைய இன்னும் இரண்டு நாள். ரிலேயில் புதிய குரல்:

“மாதங்கி அக்கா, நான் ஷமீலா, எண் 08. ஜெசிந்தா மேடம் பக்கத்துலதான் இருக்காங்க, அவங்கதான் லைன் போட்டுக் குடுத்தாங்க. அக்கா, உச்சி வெயில்ல கேபின் ரொம்பக் கொதிக்கும்னு யாரோ சொன்னாங்க. நெசமா? எனக்குச் சூடுன்னா ஆகவே ஆகாது. இப்பவே சொல்லிடுங்க, நான் வரலன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

அவளுக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விடுவதும் கேட்டது.

என் பதில்: “யாரோ சும்மா பயமுறுத்துறாங்க ஷமீலா. நல்லா குளுகுளுன்னு இருக்கு. வரும்போது ஸ்வெட்டர் எடுத்துட்டு வா.”

அனுப்பிவிட்டேன்.