நாய்க்குப் பாவாடை கட்டினேன்

எல் ரோசால்,
ஜூலை 4

என் எவாரிஸ்டோவுக்கு ஒத்திலியா எழுதுவது. நானும் நம் நாய் கனேலோவும் இங்கே இருக்கிறோம். அது நன்றாகச் சாப்பிடுகிறது, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. 'நலமாக இருக்கிறேன்' என்று சிறையிலிருந்து உன் பெயரில் மாதம் ஒன்றாக மூன்று கடிதம் வந்துவிட்டது. மூன்றையுமே நான் நம்பவில்லை.

உனக்கு எழுதத் தெரியாதென்று எனக்குத் தெரியாதா. இந்த மூன்றுக்கும் முன்னால் வந்த இரண்டு கடிதங்களை உன் அறையில் இருந்த பெனிக்னோ வாத்தியார் எழுதித் தந்தார். எழுத்து அவருடையது என்றாலும் பேச்சு முழுக்க உன்னுடையது. 'ஏய் கிழவி, இங்க பயறுல பாதி கல்லு. இந்தச் சமையக்காரன உன்கிட்ட ஆறு மாசம் விட்டா அழுதுட்டே ஓடிடுவான்' என்று எழுதியிருந்தாய். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது எனக்கு. மார்ச்சில் வாத்தியாரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்களாம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் வேறொருவர் எழுதுவது. எழுதுகிற ஆள் மாறினால் உன் வாயுமா மாறிவிடும்? அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

இந்த வருடமும் நாய்களைக் காக்கிற சான் லாசரோவின் திருவிழாவுக்கு, உனக்காக நேர்ந்துகொண்டு, கனேலோவுக்கு மஞ்சள் பாவாடை கட்டி, பூத்தொப்பி வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கசாப்புக்காரர் வீட்டு நாய் மணப்பெண்ணாக வந்திருந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்தத் திருவிழா வந்தாலே உனக்கும் எனக்கும் சண்டைதான். 'நாய்க்கு எதுக்குடி பாவாடை? வால எங்க வச்சுக்கும் அது? மானம் போகுதுன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்குது பாரு' என்று தெருவே கேட்கக் கத்துவாய். போன வருடம் என்ன நினைத்தாயோ, நீயே ஜோடித்தாய். மேயர் போடுகிற நீலப் பட்டையை அதற்குக் குறுக்கே கட்டி, 'வழி விடுங்க, ஐயா நீரூற்றைத் திறக்க வர்றாரு' என்று ஊர்வலத்தையே சிரிக்க வைத்தாய். மூன்றாம் நாள் போலீஸ் ஜீப் வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போனது. இதையெல்லாம் எழுதினால் கடிதத்தைக் கிழித்துவிடுவார்கள் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். கிழித்தால் கிழிக்கட்டும்.

பாவாடை கட்டியதை உனக்கு எழுதினேன் அல்லவா, அதற்கு வந்த பதில் இது: 'நாய்க்கு உடை உடுத்தியது அறிந்து மகிழ்ச்சி. அழகாக இருந்திருக்கும்.' மகிழ்ச்சியாம்! பக்கத்து வீட்டு ரொசௌராவிடம் காட்டினேன். 'உள்ள போனா ஆம்பளைங்க பதமாயிடுவாங்கடி. என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் இருந்துட்டு வந்து இப்ப தட்டெல்லாம் கழுவுறாரு. நீ குடுத்து வச்சவ' என்றாள். அவள் சொன்னதை நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அதனால் அடுத்த கடிதத்தில் வேண்டுமென்றே பொய் எழுதினேன். ஏழு மணித் தொடரில் வருகிறானே ரோமுலோ, 'இவன் மீசையே பொய் சொல்லுது' என்று சொல்லி நீ டிவியை அணைப்பாயே, அந்த ரோமுலோதான் தொடரிலேயே நல்லவன் என்று எழுதினேன். 'உனக்குப் பிடித்ததைப் பார். பொழுதுபோக்கு மனதுக்கு நல்லது' என்று பதில் வந்தது. அதற்கும் அடுத்த மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று எழுதினேன். சதுக்கத்து நீரூற்று கண்ணுக்கு அழகாக இருக்கிறது, மேயர் நல்ல மனிதர் என்று. வீட்டுக் குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர் வருகிறது, அதை எழுதவில்லை. நேற்று பதில் வந்தது. 'மேயர் ஊருக்கு நன்மை செய்கிறார். அனைவரும் ஒத்துழைக்க வேண்டும்.' படித்ததும் மூன்று கடிதத்தையும் அடுப்படியில் வரிசையாக வைத்து மறுபடி படித்தேன்.

சிறை வாசலுக்கு நான்கு முறை வந்தேன். உன்னைப் பார்க்க விடவில்லை, பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். 'நல்லாத்தான் இருக்காரும்மா, வீட்டுக்குப் போங்க' என்றான் காவலாள். இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 'ஒரு இருமலும் இல்லம்மா' என்றான். முப்பது வருட இருமல் உனக்கு. நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எவாரிஸ்டோ, என்னை ஒரு வார்த்தை திட்டு. புத்தி கெட்டவளே, நாயைக் கேவலப்படுத்தினவளே, எது வேண்டுமானாலும் சொல். நான் சொன்ன ஒன்றையாவது இல்லையென்று சொல். உன்னோடு வாழ்ந்த காலமெல்லாம் கொஞ்சம் வாயை மூடு என்றுதான் உன்னிடம் கேட்டேன். அப்படிக் கேட்ட பாவம்தானோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

இனி எழுதுவது, அவர் பெயரில் எனக்குப் பதில் எழுதுகிறவருக்கு.

ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. யாரோ எழுதச் சொல்லியிருப்பார்கள். இல்லை, ஒருத்தி அழ வேண்டாமே என்று நீங்களாகவே எழுதுகிறீர்களோ என்னவோ. என் புருஷன் அங்கே இருந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் வாயில் வருவதை, கெட்ட வார்த்தையாக இருந்தாலும், அப்படியே எழுதுங்கள். அவர் இல்லையென்றால், தயவுசெய்து நலமென்று இன்னொரு முறை எழுத வேண்டாம். ஒரு வெறும் தாளில் தேதியை மட்டும் போட்டு அனுப்புங்கள், போதும். வருடா வருடம் அந்த நாளில் நான் அவருக்குப் பூசை வைக்க வேண்டும்.

உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆண்டவர் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
எவாரிஸ்டோவின் மனைவி
ஒத்திலியா