ஃபயர்பிளேஸ் இரைச்சலும் அப்பாவின் காதும்

ஸ்காபரோ, ரொறன்ரோ
தை மாதம், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகள் ஷாமிலாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் மருமகன் றோயும் அவுஸ்திரேலியாவில் அந்தப் பேர்த் வெயிலுக்குள் வாடிப்போகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை முடிக்கும்போது உங்கள் இருவரின் பெயரையும் சொல்லித்தான் முடிக்கிறேன். போனில் கதைக்கிற அம்மா ஏன் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இந்த வீட்டில் இப்போது அப்பாவுக்கு எல்லாம் கேட்கிறது பிள்ளை, அவரைப் பற்றி ஒரு கதை கதைக்க வழியில்லை. அவர் பக்கத்து வீட்டு யோசப் அங்கிளோடு கடைக்குப் போயிருக்கிறார், அதுதான் கதவைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அந்தக் காதுக் கருவியை ஐப்பசியில் ஒருமாதிரி வாங்கிப் போட்டுவிட்டார் என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பிறகு நடந்ததை நீ கவலைப்படுவாய் என்று சொல்லாமல் விட்டேன். முதல் கிழமை சின்னப் பிள்ளை மாதிரித் திரிந்தார், பிரிட்ஜ் இரைகிறது, என் செருப்பு தேய்கிறது, பேப்பரைத் திருப்பினால் சரசரக்கிறது என்று ஒவ்வொன்றாக வந்து சொல்வார். அத்தனை வருடம் ஃபக்டரியில் தகடு வெட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற காது அது, எனக்குப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பிறகு குளிர் தொடங்கியது, ஹோலில் இருக்கிற காஸ் ஃபயர்பிளேஸைப் போட்டேன். அதன் அடியில் சூட்டை அறைக்குள் தள்ளுகிற ஃபான் ஒன்று இருக்கிறதே, அது சுழலத் தொடங்கியதும் அப்பா கதிரையை விட்டுத் துள்ளி எழும்பி, “உது என்ன இரைச்சல், பிளேன் வீட்டுக்குள்ளை இறங்குது போல” என்று காதைப் பொத்தினார். “உது போன வருசமும் இப்பிடித்தான் இரைஞ்சது, உங்களுக்குத்தான் கேக்கேல்லை” என்றேன். அவ்வளவுதான், இரண்டு கருவியையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

ஃபானை நிற்பாட்டினால் சூடு கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும், என் முழங்காலுக்கு அது காணாது. ஃபானைப் போட்டால் அவர் கருவி போடமாட்டார். நாள் முழுக்க நாங்கள் இருக்கிறது அந்த ஒரு அறையில்தானே, ஆகவே கருவி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நத்தாருக்கு வீட்டுக்கு வந்த ஆட்கள் ஒரு பகிடிக்குச் சிரித்தார்கள், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அப்பா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். நான் கேக் வெட்டுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்று அழுதேன் பிள்ளை.

இனிப் பொறுக்கேலாது என்று கதையை எடுத்தேன். அப்பா முழு ஃபயர்பிளேஸையும் பிடுங்கி எறிந்துவிட்டு, யோசப் அங்கிள் வீட்டில் இருப்பது போல, கரண்டில் வேலை செய்வது ஒன்றைப் பூட்டுவோம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. அந்த ஐஸ் மழைக்கு ஊர் முழுக்கக் கரண்ட் நின்றபோது இந்த நெருப்புக்கு முன்னால்தானே எல்லாரும் போர்வையோடு படுத்தோம், சத்தம் போடுவது ஃபான், அதற்காக நெருப்பை ஏன் எறிய வேண்டும் என்று கேட்டேன். திருத்திப் பார்ப்போம் என்று நான் நிற்க, திருத்தினால் திரும்பப் பழுதாகும் என்று அவர் நிற்க, கடைசியில் கோயிலில் தெரிந்த பஸ்ரியனைக் கூப்பிட்டோம். காஸ் வேலைக்கு லைசன்ஸ் உள்ள பிள்ளை, ஒஷாவாவில் இருந்து வந்தார். அடிப்பலகையைக் கழற்றி ஃபானை வெளியே எடுத்தால் தூசியும் தலைமுடியும் கம்பளி மாதிரிச் சுற்றிக் கிடக்கிறது. துப்புரவாக்கி எண்ணெய் விட்டுப் பூட்டினார், சத்தமே இல்லை. எனக்கு வெற்றி என்று நினைத்துத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

அப்பா கருவியைப் போட்டுக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “இல்லைத் தம்பி, சூடேறச் சூடேற ஒரு சத்தம் வருது, மெல்லிசா விசில் அடிக்கிற மாதிரி” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, பஸ்ரியனுக்கும் கேட்கவில்லை. கருவியைக் கழற்றுவதற்குச் சாட்டுத் தேடுகிறார் என்று நினைத்து, “உங்கடை காதுக்குள்ளைதான் விசில்” என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் கை மெல்லக் காதடிக்குப் போனது. நல்ல காலம், பஸ்ரியன் அவசரப்படாத ஆள். ஃபயர்பிளேஸை எரியவிட்டு, தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்து, பிறகு நீட்டு ஸ்குறூட்றைவர் ஒன்றின் நுனியை மோட்டரில் வைத்துப் பிடியைத் தன் காதோடு சேர்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து, “ஓம் அங்கிள், நீங்கள் சொல்லுறது சரி. பெயாரிங் தேஞ்சு போச்சு, எண்ணெய் காயத் திரும்பக் கத்தத் தொடங்கிடும்” என்றார். அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எத்தனை வருடமாக நாங்கள் எல்லாரும் அவருக்கு, இல்லை, அப்படிச் சொல்லவில்லை, உங்களுக்குப் பிழையாகக் கேட்டுவிட்டது என்று சொல்லி வந்திருக்கிறோம். அன்றைக்கு அந்த அறையில் சரியாகக் கேட்டது அவருக்கு மட்டும்தான். “அப்ப எனக்குத்தான் வடிவாக் கேக்குது” என்று என்னைப் பார்த்தார். “ஓம், உங்களுக்குத்தான்” என்றேன்.

அதோடு முடிவு வந்துவிட்டது, ஃபானை மட்டும் மாற்றுவது, நெருப்பு இருக்கட்டும். எங்களுடையது பழைய மொடல், அளவான ஃபான் தேடி எடுக்கக் கொஞ்சம் சுணங்கிவிட்டது. அது வந்து பூட்டிய அன்றைக்கு அப்பா சோதனை எடுக்கிற வாத்தியார் மாதிரி முன்னால் கதிரை போட்டு இருந்தார். பஸ்ரியன் மெதுவாக விட்டார், வேகமாக விட்டார், நன்றாகச் சூடாகும் வரை விட்டார். கடைசியில் அப்பா தலையை ஆட்டி, “உது வெறும் காத்து, உது இருக்கட்டும்” என்றார்.

இப்போது காலையில் எழும்பினதும் போடுகிற கருவியைப் படுக்கப் போகும்போதுதான் கழற்றுகிறார். பின்னேரங்களில் இருந்து கதைக்கிறோம், சண்டையும் பிடிக்கிறோம், வீடு வீடாக இருக்கிறது. போன கிழமை நான் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டு நிற்கக் குசினி வாசலில் வந்து நின்று, “நீர் சமைக்கேக்கை பாடுறனீரே?” என்று கேட்டார். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் பாடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுச் சுருதி பிழை என்று சொல்லிவிட்டுப் போனார், ஆனாலும் ஹோலுக்குப் போய் ரீவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் இருந்தார்.

நீ இரவு வேலை முடித்து அப்படியே கார் ஓடாதே, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடு. றோயை வெயிலுக்குத் தொப்பி போடச் சொல். மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. நீ போன ஞாயிறு கதைத்து வைத்த பிறகு அப்பா என்னிடம், “பிள்ளை ஏன் என்னோடை மட்டும் கத்திக் கதைக்கிறாள், என்னிலை ஏதும் கோவமோ?” என்று கேட்டார். உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று அவள் எத்தனையோ வருடமாக அப்படித்தான் கதைக்கிறாள் என்று சொன்னேன். இனி அவரோடும் என்னோடு கதைக்கிற மாதிரி மெதுவாகவே கதை பிள்ளை, கத்தாத உன் குரலை அவர் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

என்றும் உன் அன்பு மறவாத,
அம்மா