கண்மாய்க்கரையில் ஐந்தடி அரண்மனை

பம்பாய்,
14.8.1979

என் அரண்மனைக்கு ராணியாகப்போகும் பெத்தம்மாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

கண்மாய்க்கரையிலிருந்து முப்பதடி தள்ளித்தான் கட்டவேண்டுமென்று, விதிவிலக்குக் கேட்ட நம் மனுவைத் தள்ளிவிட்டார்களாமே. பத்து வருசமாகக் கொக்குக் காலே நனையாத கண்மாய்! முப்பத்தைந்தடி மனையில் மிச்சம் ஐந்தடி. கவலைப்படாதே, ராசாக்கள் நின்றுகொண்டே தூங்குவார்கள்.

போன வாரம் மில் மொட்டைமாடியில் சாக்கட்டியால் நம் வீட்டை வரைந்து உள்ளே படுத்தேன். புதூர்க்கார வாட்ச்மேன் வந்துவிட்டான்.

“ஏலே, சுவர் மேல ஏறாத, வாசல் வழியா வா” என்றேன்.

சிரிக்காமல் வாசல் வழியாகத்தான் வந்தான். சாயங்காலம் மழை பெய்து வீடு கரைந்துவிட்டது.

மனை அளந்த கயிற்றை அனுப்பு, துணி காயப்போடத்தான். அனுமதிக்கு முன்னாலேயே நல்ல நாள் பார்த்து நட்டோமே, அந்த நிலைவாசலை மட்டும் பிடுங்கவிடாதே. அதன் வழியாக ஒருதரமாவது உன்னோடு உள்ளே போகவேண்டும்.

சங்கு ஊதிவிட்டான், ஓடுகிறேன்.

வேல்சாமி